தன் பிள்ளை தானே வளராது

எனுகு, நைஜீரியா
19-10-1966

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை இன்னாசியம்மாளுக்கு அக்கா சவுரியம்மாள் எழுதுவது. நான் உடம்புக்குச் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் சின்னப்பனும் என் மகள் ஞானப்பூவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

ரேடியோவில் எதையாவது கேட்டு நீ பயந்துவிடக் கூடாதென்று நானே எழுதுகிறேன். இந்த நாட்டின் வடக்கே குடியிருந்த இக்போ ஜனங்களை வீடு புகுந்து வெட்டிப்போட்டிருக்கிறார்கள். ஆயிரமாயிரம் பேர் என்கிறார்கள். தப்பியவர்கள் ரயிலேறி இங்கே வந்துகொண்டேயிருக்கிறார்கள். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸுகளான எங்களை ஸ்டேஷனுக்கே அனுப்பினார்கள். ரயில் நின்றால் நம் ஊரில் எவ்வளவு கூச்சல் இருக்கும்! இங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதவைத் திறந்தும் ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால் இங்கேயும் வெட்டுவார்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள். கையைப் பிடித்து ஒவ்வொருவராக இறக்கினோம். எங்கோசி என்று ஒரு பெண், நிறைமாதக் கர்ப்பிணி, தோளில் வெட்டு. தையல் போடும்போது அவள் அழவில்லை. நான் அறைக் கதவைச் சாத்தப் போனபோதுதான் அலறினாள். அன்றிலிருந்து எந்தக் கதவையும் சாத்துவதில்லை.

ஞானப்பூவின் அப்பா இறந்த பிறகு இரண்டு வயதுப் பிள்ளையை உன் இடுப்பில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினேன். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம். முடிந்ததும் வந்துவிடுவேன். அவளிடம் சொல்லி வை.

உன் அக்கா,
சவுரியம்மாள்


திண்டிவனம்
14-11-1966

அன்புள்ள அக்காவுக்கு இன்னாசி எழுதிக்கொண்டது. நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் கடிதம் வந்ததிலிருந்து மனசுதான் சௌக்கியமில்லை.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்க்கிறவர், தினம் எத்தனை ரயில் பார்க்கிறார்! சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ரயிலுன்னா ஜனங்கள ஊருக்குக் கொண்டாந்து உடறதுக்குத்தானே இன்னாசி. வெட்டுப்பட்டவங்கள ஏத்திக்கினு வருமா?" என்றார். மறுநாள் வேலையில் ஒரு வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றதாம். இவர் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தாராம்.

ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வா. ஞானப்பூ இப்போது நன்றாகப் பேசுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து என்னை அம்மா என்கிறாள். சின்னம்மா என்று சொல்லத்தான் சொல்கிறேன்.

தங்கை இன்னாசியம்மாள்


திண்டிவனம்
3-9-1967

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குப் போட்ட கடிதங்கள் முத்திரை குத்தித் திரும்பி வந்துவிட்டன. அந்தக் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று தனி நாடாகிச் சண்டை நடக்கிறது, தபால் கிடையாது என்கிறார் போஸ்ட் மாஸ்டர். "ரொம்பப் பேஜாரா கீதும்மா, கப்பலும் போவல" என்கிறார். இதைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் மேற்றிராணியார் பிஷப்புக்கு அனுப்பி, அங்கிருந்து ரோமாபுரி வழியாகப் போகுமாம். கிடைத்தால் ஒரே ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினால் போதும்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். தபால்காரர் வராவிட்டாலும் பயம், வந்தாலும் பயம்.

இன்னாசி


பயாஃப்ரா
28-7-1968

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். ராத்திரியில் மருந்து கொண்டுவரும் விமானத்தில் வந்த ஒரு சாமியார் திரும்பிப் போகும்போது இதை எடுத்துப் போகிறார்.

சண்டை தொடங்கியபோது வெளிநாட்டாரையெல்லாம் கப்பலில் கூட்டிப் போனார்கள். நான் ஏறவில்லை. பத்து நாள் பொறுத்துப் போகலாம் என்று நினைத்தேன். பிறகு வழி அடைபட்டுவிட்டது. எனுகுவை நைஜீரியப் பட்டாளம் பிடித்துக்கொண்டதும் நோயாளிகளோடு நடந்தே தெற்கே வந்தோம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில்தான் ஆஸ்பத்திரி. எங்கோசி கஞ்சி காய்ச்சுகிறாள். அந்தத் தையலோடு பெற்ற மகளுக்கு இப்போது ஒன்றேமுக்கால் வயது.

நாலு பக்கமும் வளைத்துச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பாலும் பருப்பும் மீனும் இல்லாமல் வெறும் கிழங்கு. பிள்ளைகளுக்கு முடி செம்பட்டையாகிறது, கால் வீங்குகிறது, தோல் உரிகிறது. அழக்கூடத் தெம்பில்லை. ஒரு பிள்ளை வீறிட்டு அழுதால் எங்களுக்குச் சந்தோஷம், அது பிழைத்துக்கொள்ளும். நம் ஊர்க் களத்தில் மல்லாட்டை உடைக்கும்போது நிலக்கடலைப் பருப்பு சிதறுமே, பிள்ளைகள் பொறுக்கித் தின்னுமே, அது ஆளுக்கு ஒரு பிடி இருந்தால் பாதிப் பேரைக் காப்பாற்றிவிடுவேன்.

போன வாரம் சந்தையில் குண்டு போட்டார்கள். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. ஈ பறந்தால்கூட விமானமோ என்று மேலே பார்க்கிறேன்.

ஞானப்பூவுக்கு என் முத்தம்.

சவுரி


திண்டிவனம்
6-10-1968

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம் கோபம் வந்தது. ஏறியிருக்கலாம், ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாயே! உன் வயிற்றில் பிறந்தது இங்கே இருக்கிறது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி சொல்லலாம். தன் பிள்ளை தானே வளராது அக்கா. கூட ஒருத்தி இருக்க வேண்டும். போன மாதம் அவளுக்கு அம்மை வார்த்தது. வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

சாமியார் உன் கடிதத்தைப் பூசையில் வாசித்தார். கோயில் வாசலில் மளிகைக்கடை கோதண்டபாணி, "ரேசன் அரிசிக்கே நாம அடிச்சிக்கினு கெடக்கறோம். ஆப்பிரிக்காவுக்கு இங்கேருந்து அனுப்பணுமா?" என்று கேட்டார். களை வெட்டும் குப்பம்மாள், கூலிக்கு வாங்கிய மல்லாட்டையை முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். "எம்மாம் தூரமோ, எனக்குத் தெரியாது சாமி. புள்ளைங்கன்னு எழுதிக்கிறாங்களே" என்று சாமியார் காலடியில் கொட்டிவிட்டாள். பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள், மூன்று மூட்டை சேர்ந்தது. அதை விற்றுப் பணமாகத்தான் அனுப்ப முடியுமாம். அடுத்த ஞாயிறு கோதண்டபாணியே வந்து நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார்.

நீ வந்தால் ஞானப்பூவை எந்த ஊருக்குக் கூட்டிப் போவாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கேப்பைக் களி அடிப்பிடித்துவிட்டது.

வந்துவிடு அக்கா.

இன்னாசி


லிப்ரவில், காபோன்
20-1-1969

அன்புத் தங்கைக்கு,

இனி நீ சைக்கிள் மணிக்குப் பயப்பட வேண்டாம். குண்டு விழாத ஊரில் இருக்கிறேன். மிகவும் முடியாத பிள்ளைகளை விமானத்தில் இந்த நாட்டுக்கு அனுப்பினார்கள், துணைக்கு நான். ராத்திரியில் விமானம் விளக்கில்லாமல் கிளம்பியது. வழியெல்லாம் கீழேயிருந்து சுட்டார்கள். மடியில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு செபம்கூட மறந்துபோனேன்.

ஒன்று எங்கோசியின் மகள். எங்கோசிக்கு விமானத்தில் இடமில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "திருப்பிக் கொண்டுவந்து கொடு" என்று மட்டும் சொன்னாள்.

உன் கடிதங்களெல்லாம் இங்கேதான் மொத்தமாகக் கைக்கு வந்தன. ஊருக்குப் போக டிக்கெட் தருகிறோம் என்கிறார்கள். ஆனால் இன்னாசி, இந்தப் பிள்ளைகளில் பாதிக்குத் தன் பேரே சொல்லத் தெரியாது. எது யார் பிள்ளை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வந்துவிட்டால் இவர்கள் யாருமில்லாத பிள்ளைகளாகிவிடுவார்கள். சண்டை எப்போது முடியுமோ, அதுவரை என்னால் நகர முடியாது.

களி ஏன் அடிப்பிடித்தது என்று எனக்குப் புரிந்தது. பயப்படாதே. ஞானப்பூ உன் மகள். அவளை உன்னிடமிருந்து பிரிக்க நான் வரமாட்டேன்.

சவுரி


திண்டிவனம்
18-2-1969

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பிழைத்தாய் என்று படித்ததும் அடுப்பங்கரையிலேயே முழந்தாளிட்டேன். கடைசி வரிகளைப் படித்தபோதும் சந்தோஷம்தான் வந்தது. உன்னிடம் மறைக்கவில்லை. கேட்க நினைத்துப் பயந்து கேட்காமல் இருந்ததை நீயே கொடுத்துவிட்டாய்.

அவர் வேலை முடிந்து வந்ததும் சத்தமாகப் படித்தேன். ஞானப்பூ சிலேட்டோடு மூலையில் இருந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் தலை பின்னும்போது கேட்டாள்:

"அந்த எங்கோசி அவங்க பாப்பாவத் திருப்பிக் கேட்டாங்களே, எங்கம்மா ஏன் என்னத் திருப்பிக் கேக்கல?"

என் கை நின்றுவிட்டது. "நான்தான்டி உங்கம்மா" என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. "அம்மாகிட்டயே கேளு" என்றேன்.

இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும் அக்கா. அங்கேயே இரு, அந்தப் பிள்ளைகளை அவரவர் தாயிடம் சேர்த்துவிட்டு வா. ஆனால் அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே, அவள் பேருக்கு எழுது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பெரிய பெரிய எழுத்தாக, அவளைத் திருப்பிக் கேட்டு எழுது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுது.

உன் தங்கை,
இன்னாசியம்மாள்