எர்வேக்கு வந்த தேவ அழைத்தல்

கியூபெக் வடகாடு, டிசம்பர் 1917

அன்புள்ள அம்மாவுக்கு மகன் செஃபிரின் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தணிந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று நம் தொகுதி வேட்பாளர் பெல்மார், விலங்குரோமக் கோட்டும் தொப்பையுமாக எங்கள் மரவெட்டு முகாமுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கே ஓட்டுப் போடுங்க தம்பிகளா! ஆளுங்கட்சிக்காரங்க ஜெயிச்சா உங்களை எல்லாம் பிடிச்சுப் பட்டாளத்துல தள்ளிருவாங்க!"

இங்கே சாப்பிடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அது சமையற்காரர் தெலஸ்போரின் சட்டம். அவர் கரண்டியோடு வந்து நின்றார்.

"சாப்பிடும்போது பேசக் கூடாதுங்க. உங்க பையன் எர்வே எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிட்டு மொச்சையைச் சாப்பிடுங்க."

"அவன்... பாதிரியாருக்குப் படிக்கக் குருமடத்துல சேர்ந்துட்டான்."

குருமடத்துப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கமாட்டார்களே! போன கோடைவரை ஊர்ப் பெண்கள் பின்னால் அலைந்தவனுக்குத் தேவ அழைத்தலாம். சட்டத்தை மறந்து முகாமே சிரித்தது. தெலஸ்போர் தடுக்கவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கடையில் வாங்க வேண்டாம், நீங்கள் பின்னியதாக இருக்கட்டும். பனிவண்டிக்காரன் கடிதத்துக்காக நின்றுகொண்டு கத்துகிறான்.

ஒன்று மட்டும். அண்ணன் சண்டையில் இருப்பதால், பெண்ணானாலும் இந்தத் தடவை உங்களுக்கும் ஓட்டு உண்டாம். அந்த பெல்மார் வாசலில் வந்து குழைவார். ஓட்டை யாருக்காவது போடுங்கள். ஆனால் அண்ணனிடமிருந்து கோடைக்குப் பிறகு கடிதமே இல்லை என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அதையும் மேடையில் ஏறிப் பேசிவிடுவார்.

செஃபிரின்