சிவப்பு வாளிக்கு வராத ஊசி

அல்லிநகரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் திரிஷாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வீரபாண்டி ஆத்தாளை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அவசரப்பட்டுத் தாளைத் திருப்பாதே, வரிசையாகப் படி. கையில் போன் இருக்க இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். வீடியோ காலில் உன் முகம் தெரிந்ததுமே உங்கப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நான் எதைச் சொன்னாலும் அவர் காதில் விழும். அதனால்தான் இந்தத் தாளை மடித்துப் பார்சலில் பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன்.

நம் தெருவில் புதிதாக ஒரு ஏற்பாடு. மக்கும் குப்பை, மக்காத குப்பை போக இப்போது வீட்டுக்கு ஒரு சிவப்பு வாளி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எரியாத டியூப் லைட், தீர்ந்த பேட்டரி, தேதி போன மாத்திரை, எலி மருந்து, பெயின்ட் டப்பா, ஊசி எல்லாம் அதில்தான் போட வேண்டும், புதன்கிழமைதோறும் தனியாக வந்து வாங்கிப் போகிறார்கள். வண்டியோடு வருகிற பெண் முனீஸ்வரி, நீ போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், கோம்பையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள், கைக்குழந்தைக்காரி. என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது, வாசலிலேயே அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். டியூப் லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறதாம், உடைந்தால் அந்த ஆவி மூச்சுக்குள் போய்விடுமாம். நாம் எத்தனை லைட்டை அலட்சியமாக வேலி ஓரத்தில் வீசியிருக்கிறோம். இதையெல்லாம் எங்கே கொண்டுபோகிறீர்கள் என்றால், கிடங்கில் வகைவகையாகச் சேர்த்து, லாரி நிறைந்ததும் வெளியூர் ஆலைக்கு அனுப்புவார்களாம். அங்கே என்ன செய்வார்கள் என்று விடாமல் கேட்டேன். நானும் பாத்ததில்லக்கா, ஒருநா ரெண்டு பேரும் லாரியில ஏறிப் போயிப் பாத்துருவோமா என்றாள். இன்னொன்று சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே, அடுத்தவர் வீட்டு வாளியைப் பார்த்தால் பாதிக் குடும்பக் கதை தெரிந்துவிடுகிறது. தன் தலைமுடி இன்னும் நரைக்கவே இல்லை என்று கல்யாண வீடுதோறும் சொல்லித் திரியும் ஈஸ்வரபாண்டி வீட்டு வாளியில் சாயப் பாட்டிலாக இருந்தது. நானும் முனீஸ்வரியும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு உங்கப்பாவுக்கே கேட்டுவிட்டது.

போன மாதம் அவள் முகத்தில் சிரிப்பில்லை. மக்காத குப்பையை ஷெட்டில் கொட்டிப் பிரிக்கும்போது கையுறையைத் தாண்டி ஒரு ஊசி ஏறிவிட்டதாம், இன்சுலின் பேனாவின் முனையில் மாட்டுகிற குட்டி ஊசி. அது நம் தெரு மூட்டையில் வந்தது என்பது மட்டும் தெரிகிறது, எந்த வீடு என்று தெரியவில்லை. க.விலக்கு அரசு ஆஸ்பத்திரியில், ஊசிக்காரரின் நோய் எதுவும் தொற்றிவிடாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அது வயிற்றைப் புரட்டுகிறது. குழந்தைக்குப் பால் கொடுக்கவும் பயந்துபோய் இருந்தாள். யக்கா, ஊசிக்காரவுகளக் கூட்டிட்டு வந்தா அவுக ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்லிருவேன்னு டாக்டரு சொன்னாக, நான் யாரு வீட்டுல போயிக் கேப்பேன் என்று அழுதுவிட்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. நான் கேட்கிறேன்டி என்று கிளம்பிவிட்டேன்.

தெருவில் ஊசி போடுகிறவர் என்று ஊரறிந்த ஆள் எதிர்வீட்டுச் சுயம்புலிங்கம் அண்ணன் ஒருவர்தான். அவர் திருகுமூடி டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார், உள்ளே ஊசிகள் ஒழுங்காகக் கிடந்தன, ஒன்றைக்கூட வெளியே போட்டதில்லை என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் திடீரென்று வைகை அணைத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உங்கப்பா காலையும் மாலையும் பேப்பர் படிக்க அங்கேதான் போகிறார், நம் வீட்டுக்கும் அதே பேப்பர்தான் வருகிறது. மற்ற வீடுகளில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, எங்கள் வீட்டிலா என்று கோபப்பட்டவர்களும் உண்டு. பிறகுதான் முனீஸ்வரியிடம் அந்த ஊசி எதில் சுற்றியிருந்தது என்று கேட்டேன். சுத்தலக்கா, தேஞ்ச சோப்புத் துண்டுல குத்தி வச்சிருந்துச்சு, முனை மறுபக்கம் எட்டிப் பாத்துருக்கு, நான் கவனிக்கல என்றாள். அடுத்த வீட்டுக்குப் போகாமல் நேரே நம் வீட்டுக்கு நடந்தேன்.

போடி ஏலக்காய்க் கடையில் உங்கப்பா மூட்டை தைத்த காலத்தில் சாக்கு ஊசியைச் சோப்பில்தான் குத்தி வைப்பார், அடுத்த சாக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கும், ஒருத்தர் காலிலும் குத்தாது என்பார். நீ சின்னப் பிள்ளையில் அந்தச் சோப்பை எடுத்துக் கை கழுவப் போய் அடி வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வந்து குளியலறையில் கிடந்த சோப்புத் துண்டை எடுத்து அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் மேல் வைத்தேன். சோப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்தப் புள்ள கையிலயா ஏறிருச்சு என்று கேட்டார். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. பொங்கல் முடிந்ததிலிருந்து அவருக்குச் சர்க்கரைக்கு ஊசியாம், மருந்தைச் சுயம்புலிங்கம் அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தாராம். அண்ணனின் டப்பாவிலேயே தன் ஊசியையும் போட்டால், ஊசி கூடுதலாகச் சேருகிறதே என்று முனீஸ்வரி என்னிடம் சொல்லிவிடுவாளாம், வாசலில் நாங்கள் பேசுகிற பேச்சு அவருக்குத் தெரியாதா. அதனால் சோப்பில் குத்தி நம் மக்காத குப்பையில் ஒளித்துப் போட்டிருக்கிறார். இவ்வளவும் எதற்கென்றால், அப்பாவுக்குச் சர்க்கரை ஊசி வரைக்கும் போனால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று தீபாவளியன்று நீ போனில் சொன்னாயே, அதற்குப் பயந்துதான். அவ சொன்னாச் செஞ்சிருவா என்றார்.

அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு முனீஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்று, என் ஊசிதான் ஆத்தா, வா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விசும்பினாள். உங்கப்பா ரத்தத்தில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது மருந்து நம் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஊசி மூடிபோட்ட டப்பாவில் சேர்ந்து புதன்கிழமை அவர் கையாலேயே போகிறது. என்னை அக்கா என்கிற முனீஸ்வரி, அவரை மட்டும் பழையபடி அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

நீ கிளம்பி வந்துவிடாதே. நீ வேலையை விட்டால் அவர் ஊசியை விட்டுவிடுவார், அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும். லீவு கிடைக்கும்போது வா, அது போதும். நம் குடும்பத்தில் சர்க்கரை இருப்பதால் நீயும் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள், மறக்காதே. உங்கள் ஊரில் டியூப் லைட்டை என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொல், முனீஸ்வரியும் கேட்டாள். நோய் நொடி இல்லாமல் இருவரும் நிறைவாக வாழ வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கப்பா வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். குப்பைச் சமாச்சாரம் என்றேன். அப்பா நல்லா இருக்காருன்னு ஒரு வரி போடு என்று சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜைத் திறந்தார். அதனால் முதலில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம்.

உன் அம்மா,
மகாலட்சுமி