வாடைக்கு முன் திறந்த கழிமுகம்

கடல் தந்த வளமும் கழி தந்த உப்பும் குறையாத நெய்தலங்குடியின் தேவியார், தந்தையாரின் புன்னைத்துறை அரண்மனையில் மகப்பேறு கண்டு மகிழ்ந்திருக்கும் நறுங்கோதையார் திருமுன், ஓலைநாயகம் எயினன் கொற்றன் பணிந்து விடுக்கும் ஓலை. தாங்களும் இளவரசியும் நலமே வாழ்க. புன்னைத்துறை நாட்டில் மழையும் விளைவும் பொலிக.

வாடைக்காற்று கடலை மூடுமுன் தங்களை அழைத்துவர வேண்டி, மணல் தூர்ந்த கழிமுகத்தை வாரும் பணியில் மன்னர் ஆதன்கிள்ளியார் தாமே இறங்கி நின்றார். மேல்மணல் எளிதில் வந்தது. அதன் கீழே கிடந்த கருங்களிமண்ணோ, தோணியில் நட்டு வடம் சுற்றும் சுழல்மரத்தால் இழுக்கும் இரும்புவாய்க் கூடையைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. காற்று திரும்ப அதிக நாளில்லை, இன்னும் ஆள் சேர்த்து இழுப்போம் என்று பணித்தலைவர் வழுதியார் விண்ணப்பிக்க, மகளின் முகம் காணும் அவாவில் மன்னரும் இசைந்து, தாமும் சுழல்மரத்துக்குத் தோள் கொடுத்தார். வடம் அறுந்தது, கூடையின் வாய் பிளந்தது, தெறித்த வடம் இழுவையாள் ஒருவனின் காதோரம் உரசிப் போயிற்று. எஞ்சியது ஒரே கூடை.

மன்னர் நெடுநேரம் சேற்றிலேயே அமர்ந்திருந்தார். தம் மகளைக் காணும் ஆசையில் பிறர் மகனை இழக்கத் துணிந்ததாக அடியேனிடம் கூறி வருந்தினார். பின்னர் எழுந்து, நீர் வற்றும் வேளையில் களியை மண்வெட்டியால் கட்டி கட்டியாக அரிந்த பிறகே கூடை இறங்க வேண்டும் என்றும், அதன் உட்புறம் எண்ணெய் பூசி அரைக்கூடை மட்டுமே ஏற்ற வேண்டும் என்றும் ஆணையிட்டார். இவ்வாறு வாரினால் கழிமுகம் அகலாதே என்று வழுதியார் கலங்கியபோது, அகலம் அடுத்த கோடைக்கு ஆகட்டும், இப்போது ஒரு தோணி நுழைந்தால் போதும் என்றருளினார்.

அதன்பின் வடம் அறவில்லை, கூடையும் பழுதாகவில்லை. நேற்றுக் கடல்நீர் உள்ளே பாய்ந்ததும் மன்னர் வழுதியாரைக் கட்டிக்கொண்டார். இருவரில் மன்னர் யாரெனச் சேறு காட்டவில்லை.

ஆகவே தங்கள் பெருங்கலம் கழிமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்க. மன்னர் தோணியில் வந்து எதிர்கொள்வார். துடுப்பை எவருக்கும் தர மறுக்கிறார். அவர் உள்ளங்கைக் கொப்புளங்களை எழுதலாகாது என்பது ஆணை. ஆதலால் அடியேன் எழுதவில்லை. இளவரசியை அவர் கையில் தாங்கள் கொடுத்தாலன்றித் துடுப்பை விடார். அப்போது அதை வாங்கிக்கொள்ள வழுதியார் அருகில் இருப்பார்.

மன்னர் திருவாய்மொழிப்படி இரட்டைச்சுறா முத்திரை பதித்தோம். இவ்வோலை கண்டவுடன் கலம் ஏறுக.