பதினொரு பேர் படுத்த அறை

மார்ச் 5
ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் பத்தாம் வகுப்புக்குப் பாடம். நூறாண்டுப் பழைய வரிசை வீடுகள். அறக்கட்டளை பாதுகாக்கிறது, இரண்டு பட்டம் வாங்கிய நான் சுற்றிக் காட்டுகிறேன். தலைமைப் பதவி யாருக்குப் போனது என்று எழுதிக் கையை அழுக்காக்கிக்கொள்ள மாட்டேன்.

நான்காம் வீட்டுப் பதிவேட்டில் பதினொரு பெயர். நெருக்கடியை உடம்பால் உணரட்டும் என்று அதன் ஒற்றை அறையில் பதினொரு பேரைப் படுக்கச் சொல்வது என் முறை. இதுவரை வந்தவை ஐந்தாம் வகுப்புப் பொடிசுகள். இன்று எட்டாவது ஆளோடு தரை தீர்ந்தது.

"சார், நான் எங்க படுக்க? இவன் மேலயா?"

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண், "ஆலை ராத்திரியும் ஓடிச்சுன்னீங்களே. அப்ப பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பாங்கல்ல?" என்றாள்.

"அடுத்த வீட்டைப் பார்ப்போம்" என்று வெளியே நடந்தேன்.

மார்ச் 6
மைத்துனன் நான்கு வருடம் முன்பே சொன்னான். மனைவியின் தம்பி, இந்த வீடுகளைப் பழுதுபார்த்த பொறியாளன். "முறை வச்சுத் தூங்கியிருக்காங்க, அத்தான்." அறக்கட்டளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் நான், "உனக்குச் செங்கல்லைத்தான் எண்ணத் தெரியும், மனுஷனை இல்ல" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

என் கையேடு திங்களன்று மறுஅச்சுக்குப் போகிறது. அதிலும் பதினொருவர் ஒன்றாகத்தான் தூங்குகிறார்கள். சொன்னால் என் மானம். சொல்லாவிட்டால் – இனி வரும் பிள்ளைகளுக்கெல்லாம் பொய்.

மார்ச் 7
சொல்லப்போவதில்லை.

மார்ச் 8
"முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம ஏன் சுத்துறீங்க? என் தம்பி என்ன, கடிச்சா வச்சிடுவான்?" – மனைவி.

போன் செய்தேன். சின்னப் பிள்ளைகளைப் படுக்கவைத்துப் பெரியவர்களை அளந்துவிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் – பாவி, என்ன சிரிப்பு! "இதுக்கு நாலு வருஷமா, அத்தான்?"

கோபம் வரவேண்டும். வரவில்லை. நானும் சிரித்தேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று.

மார்ச் 9
அச்சை நிறுத்தச் சொன்னேன். எனக்கு வரவேண்டிய பதவியில் உட்கார்ந்திருக்கும் தலைவர், "நல்லவேளை சொன்னீங்க சார்" என்றார். அவர் மேலுள்ள கோபத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது.

மார்ச் 18
இன்று இன்னொரு பத்தாம் வகுப்பு; மைத்துனனும் வந்தான். ஆறு பேர் உள்ளே படுக்க, ஐந்து பேர் வாசலில் காத்திருந்தார்கள். "எந்திரிங்கடா, எங்க முறை!" பாய் மாறினார்கள். படுத்த ஒருத்தி தலையைத் தூக்கி, "சார், பாய் இன்னும் சூடா இருக்கு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

அதைக் கையேட்டில் போடச் சொன்னான் மைத்துனன். போட்டேன்.