பட்டினி போட்ட துண்டு

போன வாரம் சிவகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு கரிசல் காட்டில், மண்ணுக்கு எருவாகட்டும் என்று ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார்கள். புழுக்கை நாற்றம் ஜன்னல் வழியாகக் குப்பென்று வந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உம்முடைய முகம் ஞாபகம் வந்தது. நீர் செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் உம் மகன், நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் மாமா என்று கேட்டுவிட்டான். மலரில் போடுகிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் இதை உமக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மாடசாமி அண்ணாச்சியின் மானாவாரி நிலத்தில் நான்கு துண்டு அளந்து குச்சி அடித்தோம். பருத்திக்கு எந்த உரம் ஏற்றது என்பது என் ஆராய்ச்சி. அதே மண்ணில் ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்பது உம்முடையது. மூன்று துண்டில் மூன்று விதமாக உரம் போடவேண்டும். நான்காவதில் ஒரு பிடி எருகூட விழக்கூடாது. மற்றவற்றை அதோடுதான் ஒப்பிட வேண்டும். என் பட்டமே அந்த வெறும் துண்டை நம்பி இருந்தது.

அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. அந்தத் துண்டு ரோட்டோரத்தில் வேறு இருந்தது. “போறவன் வாரவன்லாம் என்னையல்லா கேக்கான் தம்பி. மூணுக்குச் சோறு போட்டுட்டு ஒண்ண மட்டும் பட்டினி போடச் சொல்லுதியளே” என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும்.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. எங்கள் வீடு கோவிலை ஒட்டிய தெருவில் இருந்ததால் உறவெல்லாம் வந்து இறங்கிவிட்டது. நான் இரண்டு நாள் காட்டுக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அண்ணாச்சி கிடைக்காரரைக் கூப்பிட்டு வெறும் துண்டில் ஆடுகளை அடைத்திருக்கிறார். பிறகு நான்கையும் சேர்த்து உழுதுவிட்டார். நான் போனபோது நாற்றம் லேசாக இருந்தது. பக்கத்துக் காட்டில் கிடை போலும் என்று நினைத்தேன். விடுபட்ட இரண்டு நாளுக்கும் களநோட்டில் என் கையால் எழுதினேன்: நான்காம் துண்டு, மாற்றம் இல்லை.

உமக்கு எல்லாம் தெரியும். கிடை போட்ட அன்றைக்கே அண்ணாச்சி உம்மிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். என்னிடம் நீர் மூச்சு விடவில்லை.

தை மாதம் பட்டினி போட்ட துண்டில்தான் பருத்தி இடுப்பளவு நின்றது. பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். நான் களநோட்டைப் புரட்டினேன். நீர் முன்னால் வந்து, நிலத்துக்காரர் குச்சிகளைப் பிடுங்கி மாற்றி நட்டுவிட்டார் சார் என்றீர். எவ்வளவு நிதானமாகச் சொன்னீர். பேராசிரியர் ஊர்க்காரர்கள் முன்னாலேயே அண்ணாச்சியை ஏமாற்றுக்காரன் என்று ஏசிவிட்டு ஜீப்பில் ஏறினார். என் ஒரு வருஷமும் அதே ஜீப்பில் போய்விட்டது.

மறுநாள் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. “குச்சிய நான் தொடல தம்பி. கெட போட்டத அன்னைக்கே அந்தத் தம்பிகிட்டச் சொன்னேன். நீங்க ஒரு வார்த்த ஐயாகிட்டச் சொன்னாப் போதும்” என்றார்.

உம்மைத் தேடி வந்து சட்டையைப் பிடித்தேன். நீர் கையைத் தட்டிக்கூட விடவில்லை. “பேசாம இரும்வே. மாற்றம் இல்லன்னு எழுதுனது உம்ம கையில்லா? காட்டுக்கே போகாம எழுதுனீருன்னு நானும் சொல்லுதேன்” என்றீர். நான் சட்டையை விட்டுவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தீர் என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. இளையரசனேந்தலில் வேறொருவர் நிலத்தில் கிடை போட்டு, கரிசல் மண்ணுக்கு ஆட்டுக்கிடையைப் போல ஒன்று இல்லை என்று எழுதிப் பட்டம் வாங்கினீர். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அது அண்ணாச்சியின் நிலத்தில், என் ஆராய்ச்சியில் கண்ட விஷயமாக ஆகியிருக்கும். நன்றி சொன்ன பக்கத்தில் மண் சுமந்த ஆள் பெயர்வரை போட்டிருந்தீர். மாடசாமி என்ற பெயர் இல்லை. திருடுவதிலும் ஒரு நேர்த்தி உமக்கு.

அவரை ஊரில் குச்சிமாத்தி என்றார்கள். சாகும்வரை அந்தப் பெயர்தான். பிறகு யார் ஆராய்ச்சிக்கு நிலம் கேட்டாலும் அந்த வீட்டைத் தாண்டித்தான் போனார்கள். நான் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேளாண்மை ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். கூட்டங்களில் நீர் மேடையிலும் நான் நாற்காலி போடுகிற இடத்திலும் இருந்தோம். ஒவ்வொரு தடவையும் உம்மை வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன். செத்ததால் அது ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

அந்தக் களநோட்டு என் பீரோவில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். மை மங்கவே இல்லை. நடந்ததை உம் மகனுக்கு எழுதலாம் என்று வேறொரு தாளை எடுத்தேன். நீரும் இல்லை, பேராசிரியரும் இல்லை, என் வேலையும் முடிந்துவிட்டது. இனிமேல் பயப்பட யாரும் இல்லை. உம்மைத் திட்டி இவ்வளவு எழுதிவிட்டேன். அந்தத் தாளில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அண்ணாச்சி வாசலில் நின்று கேட்ட அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.