மார்ச்சில் வரும் பச்சை வண்டி

பிப்ரவரி 24, திங்கள்

காலை முழுக்க மூடுபனி. கழிமுகத்தின் அக்கரையே இல்லாமல் போயிருந்தது. கராஜ் கதவைத் திறந்ததும் பனி எனக்கு முன்னால் உள்ளே நுழைந்து, லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருந்த வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை மிதிக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

இன்று இரண்டு வண்டிகள் சோதனையில் தேறவில்லை. ஒன்று டயர், இன்னொன்று ஸ்டியரிங் மூட்டு.

மதியம் கெதின் வரும் வாரங்களின் பதிவுகளைப் படித்துக்கொண்டே போனான். கராஜ் அவனுடையது, என் சித்தி மகன். "மார்ச் பதினொண்ணு, எம்லின் ப்ராஸர், பச்ச டூ-சீட்டர்" என்று சொல்லி நிறுத்தினான். "முடி வெட்டிக்கிறதா இருந்தா அதுக்குள்ள வெட்டிக்கோக்கா."

நான் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். நாற்பத்தொன்பது வயதில் இது என்ன—

மார்ச் 2, ஞாயிறு

ஒரு முறையாவது எழுதிப் பார்க்கிறேன்.

வண்டிகள் சாலைக்குத் தகுதியா என்று வருடா வருடம் பார்க்கும் எம்ஓடி சோதனையை நான் செய்யத் தொடங்கிய வருடத்திலிருந்து அந்த வண்டி வருகிறது. ஒரு வருடம்கூடத் தேறாமல் போனதில்லை. தேறுவது மட்டுமல்ல, "இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று ஓரத்தில் எழுதக்கூட ஒன்றும் இருந்ததில்லை. அந்த வயது ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தக் கடற்காற்றில் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே ஓரத் தகட்டைத் தட்டினால் பிஸ்கட் மாதிரி உதிரும். இது தட்டினால் கணீரென்கிறது.

எம்லின் பத்து மைல் தள்ளி டால்கெத்லையில் பேக்கரி வைத்திருக்கிறார். விடிவதற்குள் ரொட்டி சுட்டு முடித்துவிட்டு, கண்களில் பாதித் தூக்கத்தோடு வருவார். எங்கள் மூன்று நாற்காலிகளில் ஜன்னலோரம் உட்காருவார். நான் சான்றிதழைக் கொடுப்பேன். "அப்ப அடுத்த மார்ச்" என்பார். துணிக்கூரையை மடக்கிவிட்டு, குளிரோ மழையோ, தலை திறந்தபடியே போவார்.

தேறாத வண்டியை வேலை பார்த்து மறுபடி கொண்டுவர வேண்டும். ஒரே வாரத்தில் மறுபடி பார்க்கலாம். தேறிய வண்டிக்கு ஒரு வருடம். அவரை ஒரு வருடத்துக்கு அனுப்பி வைப்பது என் கைதான்.

ஒரே ஒரு விளக்கு எரியாமல் இருந்தால் போதும். சோதிக்கிறவள் இப்படி நினைக்கலாமா?

மார்ச் 7

கனவு. வண்டிக்கு அடியில் நிற்கிறேன். அதன் அடித்தகடு முழுவதும் பச்சைத் தண்ணீராக அசைகிறது. கையை உயர்த்தினால் நனைந்துவிடும் போலிருந்தது. உயர்த்தவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வந்தார். சாவியைக் கொடுத்தபடியே, "இதுதான் கடைசி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வித்துட்டேன். முதுகு ஒத்துக்கல. உள்ள உட்கார்றது ஒண்ணுமில்ல, விழுந்தாப் போதும். எறங்கறதுக்குத்தான் நாலு கால் வேணும். நாளைக்கு ஷ்ரூஸ்பரிலேர்ந்து ஒருத்தர் வர்றார். இன்னிக்குப் பாஸ் ஆனா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"ஆகலன்னா?"

"வேற ஒண்ணு பார்த்து வச்சிருக்கார், அத வாங்கிடுவார்."

வண்டியை உள்ளே ஓட்டிப் போனேன். விளக்குகள், ஹாரன், பெல்ட், உருளைமேல் பிரேக் சோதனை — எல்லாம் எப்போதும்போல. லிஃப்டில் ஏற்றினேன். அடியில் நிற்கும்போது வெளிச் சத்தம் தூரமாகிவிடும், தண்ணீருக்குள் காது மூழ்கியதுபோல.

பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் துரு மாதிரியே தெரிந்தது. குழாயில் எவ்வளவு துரு இருந்தால் ஃபெயில் என்பது பார்க்கிறவர் கண்ணையும் விரலையும் பொறுத்தது. அங்கேயே "அரிப்பு" என்று எழுதிவிட்டு வெளியே வந்தால் கெதின் கேட்க மாட்டான். ஏன், அவர்கூடக் கேட்க மாட்டார். ஷ்ரூஸ்பரிக்காரர் வேறு வண்டி வாங்கிக்கொள்வார். அடுத்த வாரம் இந்த வண்டி மறுபடி வரும், அடுத்த மார்ச்சிலும் வரும்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை.

பிறகு துணியை எடுத்துத் துடைத்தேன். கிரீஸும் மணலும். உள்ளே குழாய் புத்தம் புதிதாகச் செம்பு நிறத்தில் மின்னியது. யாரோ கையாலேயே வளைத்துப் பொருத்தியிருந்தார்கள், ஒரு இடத்திலும் நசுங்காமல். மற்றக் குழாய்களையும் பார்த்தேன். எல்லாம் அதே கை.

சான்றிதழை நீட்டியபோது கேட்டேன், "குழாயெல்லாம் யார் மாத்தினா?"

"நான்தான். போன மாசம்."

"சோதனைக்கு முன்னாடியா?"

"எல்லா வருஷமும் அப்படித்தான். பிப்ரவரி ஞாயித்துக்கிழமையெல்லாம் அதுக்கு அடியிலதான் கெடப்பேன். முதுகு அங்கதான் போச்சு." சிரித்தார். பிறகு சிரிப்பு இல்லாமல், "உங்க கண்ணுல ஒரு குறையும் படக் கூடாதுன்னு இருந்தது" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். போன் அடித்தது. எடுத்துப் பேசினேன். ஏன் எடுத்தேன்? யாருக்கோ சைலன்ஸர் சந்தேகம். பேசி முடிப்பதற்குள் வெளியே வண்டி கிளம்பும் சத்தம்.

இந்த முறை "அடுத்த மார்ச்" இல்லை.

மார்ச் 12

மக்கு. மக்கு. அந்த மனுஷன் நிக்கறார், நீ சைலன்ஸர் பத்திப் பேசற.

கெதினிடம் சொன்னேன். "அவர் ஊர்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள ரெண்டு கராஜ் இருக்குக்கா, ரெண்டுலயும் எம்ஓடி பாக்கறாங்க" என்றான்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"வருஷா வருஷம் சொல்றேன். நீதான் குனிஞ்சுக்கற."

மார்ச் 29

மழை. எல்லா வண்டிகளும் சாம்பல் நிறம்.

ஏப்ரல் 12, சனி

அவருடைய முகவரி எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைத் திறக்க மாட்டேன், வாடிக்கையாளர் விவரம் அதற்கில்லை. ஆனால் ரொட்டிக் கடைக்கு யார் வேண்டுமானாலும் போகலாமே? பஸ் பிடித்துப் போனேன். வரிசையில் நின்றேன். விற்பனைக்கு ஒரு பெண் நின்றிருந்தாள். எம்லின் இருக்கிறாரா என்று கேட்டேன். முதலாளி இந்த நேரத்தில் தூங்குவார், எழுப்பக் கூடாது என்றாள்.

"ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல. ஒரு ரொட்டி."

திரும்பும் வழியெல்லாம் ரொட்டி மடியில் சூடாக இருந்தது. தூங்கும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததுபோல. ஊர் வந்ததையே கவனிக்காமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

மே 6, செவ்வாய்

பதிவில் பெயர் இல்லை, "சின்னக் கார், வெள்ளை" என்று மட்டும் கெதின் எழுதியிருந்தான். வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறான். அது வரும்போதே சத்தம் கேட்டது. வெள்ளை என்று சொல்ல முடியாது. கதவு ஒன்று நீலம்.

எம்லின் இறங்கினார், நேராக, முதுகை வளைக்காமல்.

சோதித்தேன். கையே ஓய்ந்துவிட்டது. பின் டயர் மொட்டை. ஓரத் தகட்டில் என் விரல் உள்ளே போனது. பிரேக் ஒரு பக்கம் பிடிக்கிறது, மறுபக்கம் சும்மா இருக்கிறது. எதையும் விடாமல் எழுதி நீட்டினேன்.

"இத யார் உங்க தலையில கட்டினா?"

"நானே தேடிப் புடிச்சேன்."

"வாங்கறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாக்கலையா?"

"பாத்தேனே. நல்லாப் பாத்துத்தான் வாங்கினேன்." காகிதத்தை மெதுவாகப் படித்தார், மேலிருந்து கீழ்வரை. "இதெல்லாம் ஒரே தடவைல சரி பண்ண முடியாது இல்ல?"

"முடியாது."

"அப்ப நான் பல தடவ வர வேண்டியிருக்கும்."

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கெதின் உள்ளறையிலிருந்து ஓடிவந்து எடுத்தான்.

நான் சொன்னேன், "கடைக்கு வந்திருந்தேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"தெரியும். பச்சக் கோட்டு, கையில கிரீஸுன்னு சொன்னா. எழுப்பாததுக்கு அவகூட ரெண்டு நாள் பேசல."

மறு வருடம், மே 5, செவ்வாய்

கெதின் வெள்ளைக் காரின் சாவியை என் மேஜையில் வைத்தான். நான் அவனிடமே தள்ளினேன்.

"நீ பாரு."

"ஏன், உனக்கென்ன?"

"வீட்டு வண்டிய நானே பாக்கறது சரியில்ல."

பார்த்துவிட்டு வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ஃபெயில் என்றான். கைபிரேக்கும் ஒரு விளக்கும். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எம்லினும் நானும் பஸ்ஸில் டால்கெத்லை வீட்டுக்குத் திரும்பினோம். கழிமுகத்தில் அலை ஏறியிருந்தது, பஸ் தண்ணீரின் மேல் போவதுபோல இருந்தது. இவர் என் தோளில் தூங்கிவிட்டார்.

நடுச்சாமத்தில் மாவு பிசைய எழ வேண்டியவர். அதனால் சாப்பிட்டதும் திரைகளை இழுத்துவிட்டோம். ஆனால் இந்த மாதத்தில் வெளிச்சம் எங்கே போகிறது? துணியின் வழியாக வந்து கட்டில்மேல் கிடக்கிறது. இவர் மூச்சு சீராக வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து, விளக்குப் போடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.