நாத்தனாரின் முகம்

மார்ச் 3

செத்துப்போன நாத்தனாரைப் பென்சிலில் வரையப் போகிறார்களாம், கூடத்தில் மாட்ட. இருப்பது ஒரே ஒரு அடையாள அட்டைப் படம். அதுவும் வெளிறிப்போய், மூக்கு எது கன்னம் எது என்று தெரியவில்லை. நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க அதே வயதில் ஒரு பெண் எதிரே உட்கார வேண்டும் என்றார் ஓவியர். அத்தை என்னைப் பார்த்தாள், கடையில் கத்திரிக்காய் பொறுக்குகிற பார்வை.

மார்ச் 5

ஜன்னலோரம் நான். ஓவியரின் முதுகுக்குப் பின்னால் அத்தை. "என் பொண்ணு கழுத்து இவ்ளோ குட்டை இல்ல. நீளமாப் போடுங்க." நான் என்னவோ வேண்டுமென்றே குட்டைக் கழுத்தைப் பிறந்த வீட்டிலிருந்து எடுத்து வந்த மாதிரி. என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கிறது?

மார்ச் 6

இன்றைக்கு மூக்கும் சரியில்லையாம்.

மார்ச் 8

அத்தை பீரோவிலிருந்து நாத்தனாரின் பச்சைத் துப்பட்டாவை எடுத்து வந்து போட்டுக்கொள்ளச் சொன்னாள். மாட்டேன் என்றேன். உடனே பழைய கதையை எடுத்தாள் அத்தை: நாத்தனார் தன் சிநேகிதியைத்தான் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, பார்த்து வைத்திருந்தாளாம்.

"அவ இருந்திருந்தா இந்த வீட்ல உனக்கு இடமே இல்ல."

"அப்போ அவளையே எழுப்பிக் கூட்டிட்டு வந்து உட்கார வைங்க."

சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேள் என்கிறார் வீட்டுக்காரர். எதுக்கு? நான் ஏன் கேக்கணும்? இந்த வீட்ல நான் யாரு — படம் மாட்டுற ஆணியா?

மார்ச் 12

படம் வந்துவிட்டது. இத்தனை நாள் என்னையே பார்த்து வரைந்ததில் ஓவியருக்குக் கை என் முகத்துக்குப் பழகிவிட்டது. கழுத்து மட்டும் நீளம். மற்றபடி அச்சு அசல் நான். அவருக்கே வேர்த்துவிட்டது, அழித்துத் திருத்தித் தருவதாகச் சொன்னார். அத்தை வெகுநேரம் பார்த்தாள். கிழித்து எறிவாள் என்று காத்திருந்தேன்.

"வேண்டாம். என் பொண்ணுதான்" என்றாள்.

மாட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வந்து படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீ கொடுத்த என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மார்ச் 20

காலையில் அத்தை படத்துக்கு முன்னால் நின்று, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டாள். என் கண்ணைப் பார்த்து, என் வாயைப் பார்த்து.

"இன்னும் இல்ல" என்றேன் அடுப்படியிலிருந்து.

"உன்னைக் கேக்கல."

எப்போதும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறவள் நான். இன்று தட்டோடு கூடத்துக்குப் போய், படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். அத்தை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொரு தடவை போட்டுக்கொண்டேன்.